அரியலூர்ப் புகை யார் கணக்கில்?

அரியலூரில் காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் டீக்கடையிலேயே ஒரு மறுப்பு தயாராக இருக்கிறது. இந்த ஊர் முழுக்க ஒரு காலத்தில் கடல். அப்போது காரும் இல்லை, ஏசியும் இல்லை, கரண்டும் இல்லை. அப்படியிருந்தும் கடல் வந்தது, போனது. இப்போது வெயில் கூடினால் மட்டும் மனுஷன் தலையில் ஏன் பழியைப் போடுகிறீர்கள்?

வேறு ஊர்களில் இது யாரோ சொல்லிக் கேட்ட வாதமாக இருக்கும். இங்கே அதற்குச் சான்று காலடியில் கிடக்கிறது. கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டிப் போட்ட சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்தால், கல்லுக்குள் சிப்பி இருக்கிறது என்று சொல்வதைவிடச் சிப்பிகளே சேர்ந்து கல்லாகிவிட்டன என்றுதான் சொல்லத் தோன்றும். ஒன்றன்மேல் ஒன்றாக, கை அகலத்துக்கு, ஓட்டின் வரி வரியான வளர்ச்சி தெரிகிற மாதிரி அடுக்கிக் கிடக்கும். வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. மேற்கே பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பக்கம் போனால் மழை அரித்த செம்மண் மேட்டில் கடல் உயிர்களின் எச்சங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது அது. வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். "கடல் தானா வந்துச்சு, தானா போச்சு" என்று ஒருவர் சொன்னால், கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார். அவரை அறியாமைக்காரர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலும் அதே கல்லுக்குள்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பூமி இன்றைக்கு இருப்பதைவிட வெகு சூடாக இருந்தது. காற்றில் கரியமில வாயு அதிகம். கடல் மட்டமும் மிக உயரம். அதனால்தான் அரியலூர் வரை அலை அடித்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் தண்ணீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்போடு சேர்த்து ஓடு கட்டிக்கொண்டன. செத்தன, அடியில் படிந்தன. லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்து, காற்றில் இருந்த கரியில் ஒரு பெரும்பங்கு கல்லாகி மண்ணுக்குள் பூட்டப்பட்டது. இன்று அந்தக் கல்லை வெட்டி, அரைத்து, 1,450 டிகிரி சூளையில் விடுகிறோம். 1 டன் சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்து சுண்ணாம்பாகும்போது 440 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பத்தாம் வகுப்பு வேதியியல் தெரிந்த எவரும் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது. கல் உள்ளே போய், சிமெண்டுக்கு அரைக்கும் கிளிங்கர் உருண்டைகளாக வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. சூளையை எரிக்கும் நிலக்கரியின் புகை தனி. சிமெண்ட் ஆலையின் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் கல்லிலிருந்தே வருவது. நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய ஒளியில் சூளையை ஓட்டினாலும் அந்த 60 சதவீதம் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆக, கடல் வந்தது தானாகத்தான், போனதும் தானாகத்தான். அது பூட்டி வைத்ததைத் திறப்பது மட்டும் தானாக நடக்கவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு என்றிருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியேற்றுவதில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அந்தப் பங்கில் அரியலூருக்கும் ஒரு பங்கு உண்டு. அது சின்னப் பங்கில்லை.

தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை இங்கே 1979-ல் தொடங்கியது. கோவிந்தபுரத்திலும் ஆலத்தியூரிலும் ராம்கோ, தாமரைக்குளத்தில் டால்மியா, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் பெயரில் எழுந்த ஆலை. ஒரு சிறிய மாவட்டத்துக்குள் இத்தனை சிமெண்ட் ஆலைகள் நெருங்கி நிற்பது தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சுரங்கங்கள், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் டிப்பர் லாரிகள். சாலையோரப் பருத்திக் காட்டில் இலையைத் தொட்டால் விரலில் வெள்ளை ஒட்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் அந்த ஊர்களில் பச்சை பச்சையாகத் தெரியும்.

பந்தலுக்குள் நடக்கும் சண்டை

காலநிலை பற்றிய கருத்து வேறுபாடு அரியலூரில் தொலைக்காட்சி விவாதமாக நடப்பதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நடக்கிறது. 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய சுரங்கமோ ஆலையோ வருமுன் அந்த வட்டாரத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை வகிப்பார். ஷாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக், இரண்டு பக்கமும் போலீஸ்.

மைக் பிடிப்பவர்களில் ஒரு பிரிவு ஆலைக்கு ஆதரவு. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற வாக்குறுதியை நினைவுபடுத்துவார்கள். லாரி வாங்கிக் கடன் கட்டுகிறவர்கள் லோடு குறைந்தால் தவணை நிற்கும் என்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குக் கிடைத்த தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்குக் கிடைத்த கட்டடம் எல்லாம் வரும். எதிர்ப்பவர்கள், சுரங்கம் ஆழம் போகப் போகக் கிணறு வற்றுகிறது, வெடி வைத்தால் சுவர் விரிசல் விடுகிறது, டிப்பர் போகிற சாலையில் பிள்ளைகள் சைக்கிளில் போக முடியவில்லை, வெட்டி முடித்த பள்ளத்துக்கு வேலி கூட இல்லை என்பார்கள். குரல் உயரும். "ஐயா, அவரு ஊர்க்காரரே இல்லீங்க" என்று ஒருவர் எழுந்து கத்துவார். மாமன் மச்சான் உறவுக்காரர்களே இரண்டு பக்கமும் நிற்பதால், பந்தலில் போட்ட சண்டை கல்யாண வீடு வரைக்கும் நீளும்.

இவ்வளவு பேச்சிலும் கரியமில வாயு என்ற சொல் அரிதாகவே வரும். அதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டும்தான் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலம். கிணறும் தூசியும் தெரிந்த விஷயம். பார்க்கவும் பிடிக்கவும் முடியாத ஒரு வாயுவைப் பற்றி, அதுவும் ஆட்சியர் முன்னால், எப்படிப் பேசுவது?

கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடையாது. சொன்னதைப் பதிவு செய்து மேலே அனுப்புவார்கள், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டவர்கள் சலித்துப்போய் வராமலே இருந்துவிடுகிறார்கள். அந்தச் சலிப்புக்கு அரியலூர் மாவட்டத்தில் பழைய காரணமும் இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப்போவதாகச் சொல்லி 1990-களில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தியது. சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்காக நடந்தன. கால் நூற்றாண்டு கழித்துத் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. நிலக்கரி வேண்டும், அது நாட்டு நலன் என்று ஒரு தலைமுறைக்குச் சொன்னார்கள். நிலக்கரி வேண்டாம், அது பூமி நலன் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்கிறார்கள். இரண்டு முறையும் மேலேயிருந்து வந்த பேச்சாகவே அது அந்த மக்கள் காதில் விழுகிறது. காலநிலை பற்றிய சந்தேகத்தில் பாதி, அறிவியல்மேல் வந்த சந்தேகமே இல்லை. சொல்கிறவர்கள்மேல் வந்த சந்தேகம்.

மஞ்சப்பையும் நானூறு மூட்டையும்

சென்னை, திருச்சி, கோவைக்காரர்கள் இதை எட்டி நின்று பார்க்க முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. குப்பையைத் தரம் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தோம். மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக் எங்கே போகிறது? அதில் ஒரு பகுதி லாரி ஏறி வருவது அரியலூர் சிமெண்ட் சூளைகளுக்குத்தான். சென்னைக் குப்பைமேட்டைத் தோண்டி எடுத்ததிலும் ஒரு பங்கு இங்கே வந்து எரிந்திருக்கிறது. 1,450 டிகிரியில் எரிவது தெருமுனையில் கொளுத்துவதைவிட எவ்வளவோ மேல். அதை நான் எதிர்க்கவில்லை. நகரத்து வீட்டின் பொறுப்புணர்வு முடிகிற இடம் கோவிந்தபுரத்துக்காரர் மூச்சு விடுகிற இடம் என்பதாவது நகரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் லாரியில் என்ன போகிறது என்பதுதான் பெரிய கணக்கு. ஆயிரம் சதுரடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்ட் என்பது கொத்தனார் வாய்க்கணக்கு. ஓபிசி என்கிற சாதாரண சிமெண்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி என்றால் சுமார் 30 கிலோ. 400 மூட்டைக்கு வித்தியாசம் 4 டன். ஒரு சராசரி இந்தியர் இரண்டு ஆண்டில் வெளியேற்றும் அளவு அது. தினம் ஒரு கேரி பேக்கைத் தவிர்த்து மஞ்சப்பை தூக்கினால் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோ மிஞ்சும். அப்படி ஏறக்குறைய முந்நூறு ஆண்டு தூக்கினால் அந்த 4 டன் வரும். மஞ்சப்பை மாட்டு வயிற்றுக்கும் சாக்கடைக்கும் நல்லது. அதைத் தூக்குங்கள். காலநிலைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மட்டும் எண்ண வேண்டாம். கொத்தனார் "ஓபிசி போட்டாத்தான் சார் ஸ்ட்ராங்" என்று சொல்லும்போது, ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவதை இன்னும் சில நாள் நீட்டினால் வீட்டுக்குப் பிபிசி போதாதா என்று பொறியாளரிடம் கேட்கும் இரண்டு நிமிடப் பேச்சு பெரிய விஷயம். சுட்ட களிமண்ணையும் வேகாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்டுக்கு 2023-ல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது. அது கடைக்கு வரவேண்டுமானால் அரசு தன் பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் முதலில் வாங்க வேண்டும்.

தனிமனிதனுக்குப் பொறுப்பு உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன். எவ்வளவு என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. ஒவ்வொருவரும் தன் 'கார்பன் தடத்தை'க் கணக்கிட வேண்டும் என்ற பேச்சை 2000-களின் நடுவில் உலகெங்கும் விளம்பரத்தில் பரப்பியது பிபி என்கிற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் எடுப்பவர், எண்ணெய் ஊற்றுபவனைப் பார்த்து உன் கணக்கைப் பார் என்றார். கணக்குப் பார்ப்பது தவறில்லை. யார் கையில் எவ்வளவு முடிவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொறுப்பைப் பிரிக்காமல், தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது தவறு.

வெங்காயப் பட்டறையில்

பெரம்பலூருக்கு வந்தால் இந்தப் பங்கீடு எவ்வளவு கோணல் என்பது தெரியும். செட்டிகுளம், இரூர், பாடாலூர், நாட்டார்மங்கலம் பக்கம் சின்ன வெங்காயம்தான் வாழ்க்கை. செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அறுத்த வெங்காயத்தைத் தாளோடு காய வைத்து, காட்டிலேயே பட்டறை போடுவார்கள். தரையில் படாமல் அடியில் கல்லோ கட்டையோ கொடுத்து, காற்று போய்வரப் பக்கங்களில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த நீள அடைப்பு. விலை ஏறும்வரையும், அடுத்த நடவின் விதைக்கும் வெங்காயம் அதில் மாதக்கணக்கில் இருக்கும். இந்த ஏற்பாடு முழுக்கக் காற்றையும் வெயிலையும் நம்பி நடப்பது. மழை தன் காலத்தில் பெய்யும் என்ற நம்பிக்கைமேல் கட்டியது. காலம் தப்பிப் பெய்தால் காட்டில் திருகல் நோய் வந்து தாள் முறுக்கிக்கொள்ளும். பட்டறையில் இருப்பது அழுகும். ஒரு மூலையில் நாற்றம் கிளம்பினால் மொத்தத்தையும் பிரித்துக் கொட்டி, பெண்கள் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அந்தக் கூலி வெங்காய விலையைத் தின்றுவிடும்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பெரம்பலூர் மானாவாரிக்காரர்கள் அந்த ஆண்டைச் சொல்லும்போது ஆடுமாடுகளை விற்றதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2018-ல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றது. அதையும் காலநிலை மாற்றம் என்று எழுதியவர்கள் உண்டு. அது சரியில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, ஆப்பிரிக்கா வழியாக அதே ஆண்டு இந்தியாவுக்குள் வந்து பரவியது. வந்த துன்பத்தையெல்லாம் காலநிலை தலையில் கட்டினால், உண்மையாகவே காலநிலையால் வந்ததையும் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரம்பலூர் விவசாயி தன் பங்குக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு காட்டில் 500 அடிக்குப் போர் போட்டால் பக்கத்துக் காட்டில் 700 அடிக்கு இறக்குகிறார்கள். அந்தப் போட்டியை அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி நிறுத்தலாம், ஏனென்றால் அந்த முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியேற்ற, சராசரி இந்தியர் சுமார் 2 டன் வெளியேற்ற, மானாவாரிப் புழுதியில் நிற்பவர் அந்தச் சராசரிக்கும் வெகு கீழே இருக்கும்போது, பருவம் தப்பிய மழைக்கு அவரிடம் பொறுப்பு கேட்க ஒருவருக்கும் வாய் இல்லை.

பொறுப்பு என்ற சொல்லுக்கு அரியலூர் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 23. கனமழையில் மருதையாற்றில் வெள்ளம். அரியலூர் அருகே பாலம் அடித்துச் செல்லப்பட்டு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையை எந்த அமைச்சரும் பெய்விக்கவில்லை. ஆனாலும் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பாலம் என் துறையுடையது என்று சாஸ்திரி எடுத்துக்கொண்டார். அந்த ரயிலில் டிக்கெட் எடுத்து ஏறியவனிடம் யாரும் பொறுப்பு கேட்கவில்லை.

அந்த அளவுகோலை இன்றைய அரியலூருக்கு வைத்துப் பாருங்கள். காலநிலை மாற்ற இயக்கம் நடத்துவது தமிழ்நாடு அரசு. டான்செம் வழியாக அரசு சிமெண்டும், 2021 முதல் வலிமை சிமெண்டும் விற்பதும் அதே அரசு. கருத்துக்கேட்புக்குத் தலைமை வகிப்பதும் அதன் ஆட்சியர். மாநிலத்திலேயே அதிகமாகச் சிமெண்ட் வாங்கும் பெரிய கைகளில் ஒன்றும் அதுதான். இத்தனை முடிவும் ஒரே இடத்தில் இருக்கும்போது முதல் பொறுப்பும் அங்கேதான். அடுத்தது நிறுவனங்கள். அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலை அமைக்கப்போவதாக 2019-ல் டால்மியா அறிவித்தது. 2040-க்குள் வெளியேற்றுவதைவிட அதிகமாக உறிஞ்சும் நிறுவனமாக ஆகப்போவதாகவும் சொல்லியிருக்கிறது. நல்ல வாக்கு. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தாமரைக்குளத்துக்காரர் மைக்கில் கேட்டால், ஆண்டு வாரியாகப் பதில் வர வேண்டும். மற்ற ஆலைகளையும் அப்படியே கேட்க வேண்டும். பழைய சுரங்கக் குத்தகைகளில் டன்னுக்கு 80 ரூபாய் உரிமைத்தொகையில் 30 சதவீதம், அதாவது 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வருகிறது. 440 கிலோ கரியமில வாயுவை அடக்கிய கல்லுக்கு ஊர் பெறுவது 24 ரூபாய். அந்தப் பணம் மூடாத பள்ளத்துக்கு வேலி போடுகிறதா, டிப்பருக்குத் தனிச் சாலை போடுகிறதா என்பதும் பந்தலில் கேட்கவேண்டிய கேள்வி.

இவற்றைக் கேட்க அந்த 2006 அறிவிக்கையே இடம் தருகிறது. கூட்டம் நடப்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்னால் விளம்பரம் தர வேண்டும். வந்த ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில் கூட்டக் குறிப்பை உள்ளூர் மொழியில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். சொன்னது குறிப்பில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுந்து கேட்கலாம். கரியமில வாயுக் கணக்கைத் தமிழ்ச் சுருக்கத்தில் சேருங்கள் என்று முதல் ஆளாக ஓர் ஊராட்சி கேட்டுவிட்டால், அடுத்த ஊராட்சி கேட்பது எளிது.

பந்தல் கூட்டம் முதன்மையாக உள்ளூர்க்காரர்களின் குரலைக் கேட்பதற்கு. ஆனால் திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள வேறு எவரும் எழுத்தில் கருத்துத் தரலாம் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. தாம்பரத்திலோ துடியலூரிலோ 400 மூட்டை இறக்கி வீடு கட்டுகிறவருக்கு அந்த அக்கறை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை அரியலூர்ச் சுரங்கம் ஒன்றுக்குக் கருத்துக்கேட்பு விளம்பரம் நாளிதழில் வரும்போது, அந்த 30 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு தாளில் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். இந்தக் கல்லை வாங்கப்போகிறவன் நான், இதன் புகைக் கணக்கை எனக்கும் காட்டுங்கள் என்று.